அந்த மூன்றில் எது?

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் எனக்கு ஒரு பழுதுநீக்கும் கடை இருக்கிறது. முக்கால்வாசி கைபேசி வேலை. மீதி, படகுக்காரர்களின் இடம் காட்டும் ஜி.பி.எஸ்., கடலின் ஆழம் காட்டும் எக்கோ, வயர்லெஸ் கருவிகள். பழையதை வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு. கடை வாடகை அதிலிருந்துதான் வருகிறது.

சென்ற மார்ச் மாதம் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்து, பழைய ஜி.பி.எஸ். ஒன்று வேண்டும் என்றார். கணினியைப் பார்த்தேன். "பழைய ஜி.பி.எஸ்., இருப்பு 3" என்று காட்டியது. அலமாரியில் மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. கைக்கு முதலில் வந்ததை எடுத்துத் துடைத்து, மின்சாரம் கொடுத்தேன். திரை எரிந்தது. வாசலில் வைத்ததும் செயற்கைக்கோள்களைப் பிடித்தது. விலை பேசிக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை கருவியோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, ராத்திரி இரண்டு தடவை இடம் காட்டாமல் நின்றுவிட்டது. பக்கத்துப் படகின் விளக்கைப் பார்த்துத்தான் கரைக்கு வந்தோம். படகில் என் மகனும் இருந்தான்" என்றார்.

பாக் நீரிணையில் நமக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் 1976இல். தண்ணீரின்மேல் அந்தக் கோடு தெரியாது. இருட்டில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வது இந்தக் கையகலப் பெட்டிதான். அது நின்றுபோனால் என்ன ஆகலாம் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கருவியைப் பிரித்தேன். ஆன்டெனா கம்பி சேரும் முனையின் நடு ஊசியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கம்பியை லேசாக அசைத்தாலே தொடர்பு அறுந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அந்தக் கருவியை நான் விற்பதற்காக வாங்கவில்லை. திரை நன்றாக இருக்கிறதே என்று பாகத்துக்காக அடிமாட்டு விலைக்கு எடுத்தது. மற்ற இரண்டும் நல்லவை. மூன்றையும் ஒரே தட்டில், ஒரே பெயரில் வைத்திருந்தேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நல்ல கருவி ஒன்றை இரவலாகக் கொடுத்தனுப்பினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் அக்கா மகன் கணினி படித்தவன், கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கிறான். மறுநாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"மாமா, கணினி மூன்று என்கிறது. அந்த மூன்றில் எது?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. புதுச் சரக்குக்கு எண்ணிக்கை போதும். ஒரு பெட்டி சார்ஜர் வந்தால் இருபதும் ஒரே மாதிரி. எதை எடுத்துக் கொடுத்தாலும் ஒன்றுதான். பழைய சரக்கு அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனிப் பிறவி. யாரிடமிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது, கடலில் விழுந்ததா, யார் கை வைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு உண்டு. அவற்றை "3" என்று ஓர் எண்ணுக்குள் போட்டுவிட்டால் அந்த வரலாறு முழுவதும் அழிந்துவிடுகிறது.

அதுவரை நான் வைத்திருந்தது மாதச் சந்தா கட்டி வாங்கிய ஒரு பில் மென்பொருள். புதுச் சரக்குக்கு அது நன்றாகவே உழைத்தது. பழையதில் அது செய்த கோளாறு எண்ணிக்கையோடு நிற்கவில்லை, விலையிலும் புகுந்திருந்தது. ஒரே மாடல் கைபேசி ஒன்றை 6,000 ரூபாய்க்கும், திரை உடைந்த இன்னொன்றை 2,000 ரூபாய்க்கும் வாங்கியிருந்தேன். வாடிக்கையாளர் பழுதுபார்க்கக் கொடுத்த அதே மாடல் ஒன்றைப் பையன் தவறுதலாக இருப்பில் ஏற்றி, விலை 0 என்று போட்டிருந்தான். மென்பொருள் மூன்றையும் கூட்டி வகுத்து, ஒன்றின் அடக்கவிலை 2,667 ரூபாய் என்று சொன்னது. 6,000 ரூபாய்க் கைபேசியை 4,500க்கு விற்றிருந்தால்கூட லாபம் என்றே காட்டியிருக்கும். அப்படி எத்தனை தடவை விற்றேனோ, இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்துக்கொண்டோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எங்கள் கடைக்கு அந்த இரண்டு மாதமும் வாங்கும் காலம். கையில் காசு ஓட்டம் இல்லாதவர்கள் கைபேசியைக் கொண்டுவந்து விற்பார்கள். படகைக் கரையேற்றி வேலை பார்ப்பவர்கள் பழைய கருவியை மாற்றுவார்கள். ஜூன் முதல் வாரம் பிறந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும், எல்லோரும் வாங்க வருவார்கள். அதற்குள் அலமாரி ஒழுங்காக வேண்டும் என்பது எங்கள் கெடு.

முதல் நாள் அலமாரியைக் காலி செய்து தரையில் பாய் விரித்துப் பரப்பினோம். கணக்கில் பழைய கைபேசி 58. பாயில் இருந்தவை 63. அவற்றில் 14 நம்முடையவையே அல்ல, பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராதவர்களுடையவை. ஆக, நம்முடையவை 49. கணக்கில் கூடுதலாக இருந்த 9, பாகத்துக்காகப் பிரித்துவிட்டுக் கழிக்க மறந்தவை. அடுத்தவர் பொருள் 14 என் விற்பனை அலமாரியில் இருந்தது என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. அவற்றில் ஒன்றைத் தெரியாமல் விற்றிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அன்றே தனிப் பெட்டி வாங்கிப் பூட்டினேன். வேலைச் சீட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் பேசினோம். 8 பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். அதுமுதல் பழுதுக்கு வரும் பொருள் வேலைச் சீட்டுப் புத்தகத்தோடு சரி, இருப்புக் கணக்குக்குள் கால் வைக்காது.

மென்பொருளுக்கு மருமகன் இன்வென்ட்ரீ என்ற திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுத்தான். பணம் கட்ட வேண்டியதில்லை. கடையின் பழைய மேசைக் கணினியிலேயே ஓடுகிறது. வெளி இணையம் இல்லாவிட்டாலும் கடைக்குள் வேலை செய்யும். மழைக்காலத்தில் இங்கே இணையம் போவது புதிதல்ல என்பதால் எனக்கு அது முக்கியம். அதன் அமைப்பில் எனக்குப் பிடித்தது ஒன்று. "பாகம்" என்பதும் "இருப்பு" என்பதும் அதில் வேறு வேறு. பாகம் என்பது வகை, அதாவது இன்ன மாடல் கைபேசி. இருப்பு என்பது கையில் இருக்கும் அந்த ஒரு பொருள். வகையை "வரிசை எண் கட்டாயம்" என்று குறித்துவிட்டால், ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண், தனிக் கொள்முதல் விலை, தனி இடம், தனி நிலை. புகைப்படமும் இணைக்கலாம். செய்ய வேண்டிய சோதனைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் முடிவைப் பதியலாம். அது தயாரிப்பாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால் எங்களுக்குத் தேவையில்லாத பக்கங்கள் பல இருக்கின்றன. அவற்றைத் தொடவே இல்லை.

எண் போடுவதில் ஒருநாள் முழுக்க விவாதம். மாடல், ஆண்டு, நிறம் எல்லாம் தெரிகிற மாதிரி எண் வேண்டும் என்றான் மருமகன். எனக்கு அது பிடிக்கவில்லை. மாடலைத் தப்பாகக் குறித்துவிட்டால் எண்ணே பொய்யாகிவிடும். எண் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது, சொல்ல வேண்டியதைப் பதிவு சொல்லும் என்றேன். கடைசியில் 0001இல் தொடங்கும் தொடர் எண் என்று முடிவானது. அந்தப் பச்சைக் களிம்பு ஜி.பி.எஸ்.தான் 0001. அது முதலில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

ஒட்டுச்சீட்டு விஷயத்தில் இரண்டு தடவை கைச்சூடு பட்டோம். முதலில் பில் அச்சிடும் வகை வெப்பத் தாளிலேயே சீட்டு அடித்துக் கைபேசியின் முதுகில் ஒட்டினோம். கடையின் மேற்குச் சுவர் வெயிலில் மூன்றே வாரத்தில் எழுத்து வெளுத்துவிட்டது. உரித்தால் பசை முதுகிலேயே நின்றது. இப்போது ரிப்பன் போட்டு அச்சிடும் சீட்டு. அதைப் பொருளின்மேல் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு பொருளும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போகிறது, சீட்டு பையின்மேல். பை மாறிப்போகாமலிருக்க, பொருளின் சொந்த எண்ணும் பதிவில் இருக்கிறது. கேமரா, ஸ்பீக்கர் போன்ற எண்ணில்லாத சின்னப் பாகங்களுக்கு மஞ்சள் ஹீட் டேப்பில் ஊசிமுனைப் பேனாவால் எண் எழுதி ஒட்டுகிறோம்.

கைபேசியின் சொந்த எண் என்றால் ஐ.எம்.இ.ஐ., 15 இலக்கம். *#06# அடித்தால் திரையில் வரும். இரண்டு சிம் போடும் கைபேசிக்கு இரண்டு எண்கள், இரண்டையும் எழுத வேண்டும். பழைய நோட்டில் கையால் எழுதியவற்றை ஏற்றும்போது மருமகன் ஒரு நல்ல காரியம் செய்தான். 15ஆவது இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டது. முதல் 14 இலக்கங்களில் இரண்டாவது, நான்காவது, ஆறாவது என ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்தது 14 என்று வந்தால் 1+4 என்று சேர்த்து 5 ஆக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். உதாரணமாக 49015420323751 என்ற பதினான்கையும் இப்படிக் கூட்டினால் 52 வரும், 60க்கு 8 குறைகிறது, எனவே பதினைந்தாவது இலக்கம் 8. இதை விரிதாளில் சூத்திரமாகப் போட்டதும் என் கையெழுத்தில் நான்கு எண்கள் தப்பு என்று சிவப்பில் காட்டியது. நான்கையும் கைபேசியில் பார்த்துத் திருத்தினோம். ஓர் இலக்கம் மாறினாலும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணை எழுதுவதோடு வேலை முடியவில்லை. விற்க வருபவர் கடையில் இருக்கும்போதே, கே.ஒய்.எம். என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். தடை செய்யப்பட்ட எண் என்று வந்தால் வாங்குவதில்லை. இன்னொன்றையும் பார்க்கிறோம்: சிம் தட்டிலோ பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் போர்டு மாற்றப்பட்டிருக்கிறது. அது நேர்மையான பழுதுவேலையாகவும் இருக்கலாம். ஆனாலும் விளக்கம் கிடைக்கும்வரை அதன் நிலை "நிறுத்திவைத்தது". கூகுள் கணக்கிலிருந்து வெளியேறச் செய்வதும் விற்பவர் கண்முன்னேதான். அவர் போனபின் பூட்டு விழுந்தால் அந்தக் கைபேசி நமக்குச் செங்கல்.

தர வரிசைக்கு வருகிறேன். ஊர் வழக்கம் ஏ, பி, சி என்று மூன்று எழுத்து. நான் அதை எடுத்துவிட்டேன். ஒருவருக்கு ஏ, இன்னொருவருக்கு பி. எழுத்து எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகப் பார்த்ததை எழுதுகிறோம்: "திரையில் வலது மேல்மூலையில் கீறல்", "பின் கேமரா தெளிவு", "பேட்டரி உப்பவில்லை". எங்கள் கரைக்கென்று ஒரு கட்டம் சேர்த்தேன்: "உப்பு". ஆம், இல்லை, சந்தேகம் என்று மூன்றே விடை.

இந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரில் விழுந்த கைபேசியை உலர்த்தினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கடலில் விழுந்ததை உலர்த்தினால் தண்ணீர்தான் போகும், உப்பு போர்டிலேயே தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்லச் செம்பை அரிக்கும். கடை அலமாரியில் சும்மா இருக்கும்போதே கெடும். சிம் தட்டுக்குள் டார்ச் அடித்தால் ஓரத்தில் ஒரு வெள்ளை ஒட்டுத்துணுக்கு தெரியும். ஈரம் பட்டிருந்தால் அது சிவந்திருக்கும். சிவந்ததெல்லாம் "உப்பு: சந்தேகம்". திறந்து, போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தூரிகையால் கழுவி, 15 நாள் தனித்தட்டில் வைத்து, மறுபடி திறந்து பார்த்தபிறகுதான் விற்பனைத் தட்டு. முதல் மாதத்தில் அப்படிக் காத்திருந்த 11இல் 3, பதினைந்தாம் நாள் திறந்தபோது மறுபடி பச்சை பூத்திருந்தன. பழைய முறையில் அந்த மூன்றும் யாராவது ஒருவர் பாக்கெட்டில் இருந்திருக்கும்.

ஜி.பி.எஸ்.ஸுக்குச் சோதனைகள் கூடுதல். கடை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் பெயிண்டால் குறி போட்டிருக்கிறேன். கருவியை அங்கேயே மூன்று நாள், வேளை மாற்றி மாற்றி வைத்து, வரும் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதுகிறோம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் என்பது இரண்டு மீட்டருக்கும் குறைவு. எனவே கடைசி இலக்கம் ஆடுவது இயல்பு, இரண்டாம் இலக்கம் பெரிதாக ஆடினால் கருவியை உள்ளே எடுத்துவிடுவேன். ஆன்டெனா கம்பியை அது கருவியில் சேரும் இடத்தில் பிடித்து ஐந்து நிமிடம் அசைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பது இன்னொரு சோதனை. இஞ்சின் அதிர்வில் நடப்பது அதுதான். மார்ச் மாதம் இந்த ஐந்து நிமிடத்தை நான் செய்திருந்தால் போதும்.

அதோடு "புள்ளிகள் அழித்தது" என்று ஒரு கட்டம். பழைய ஜி.பி.எஸ். ஒன்றை மாற்ற வந்த பெரியவர் ஒருவரால் வந்தது அது. இருபது ஆண்டு கடலில் தேடி வைத்த மீன் பார்கள் (மீன் கூடும் கடலடித் திட்டுகள்), வலை சிக்கும் பாறைகள், எல்லாம் அந்தக் கருவிக்குள் புள்ளிகளாக இருந்தன. "தம்பி, இதைப் புதிதில் ஏற்றிக் கொடு, பழையதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் மகனுக்கு நான் கொடுக்கிற சொத்து இது" என்றார். அதற்கு முன் எத்தனை பேருடைய புள்ளிகளை அடுத்தவருக்கு விற்றேன் என்று நினைத்து மனம் கூசியது. இப்போது அந்தக் கட்டத்தில் "ஆம்" விழாமல் எந்தக் கருவியும் தட்டு மாறுவதில்லை.

பாகத்துக்காகப் பிரிப்பதுதான் கணக்கில் கடினமான இடம். 800 ரூபாய்க்கு ஒரு செத்த கைபேசி வாங்குகிறேன். திரை 900க்குப் போகும், கேமரா 250, சார்ஜிங் போர்டு 150, பின்மூடி 100. மொத்தம் 1,400. கொடுத்த 800ஐ அதே விகிதத்தில் பிரித்தால் திரைக்கு 514, கேமராவுக்கு 143, சார்ஜிங் போர்டுக்கு 86, மூடிக்கு 57. இந்தக் கணக்கைக் கையால் போட்டுத்தான் உள்ளிடுகிறோம். தாய் எண் 0147 என்றால் பிள்ளைகள் 0147-1, 0147-2 என்று போகும். தாய்ப் பதிவை அழிப்பதில்லை, "பிரித்தது" என்று மூடுகிறோம். ஒரு கேமரா பழுது என்று திரும்பிவந்தால் அது எந்தக் கைபேசியில் இருந்தது, அதில் உப்பு ஏறியிருந்ததா என்று ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய பேட்டரிக்கு மட்டும் எண் கிடையாது. அதை நான் விற்பதில்லை.

வரிக் கணக்கிலும் தனி எண்ணே கைகொடுத்தது. பழைய பொருளுக்கு ஜி.எஸ்.டி. விதி 32(5)இன்படி, வாங்கியபோது உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காமலிருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 5,000க்கு வாங்கி 6,500க்கு விற்றால் 1,500க்குத்தான் வரி. நட்டத்துக்கு விற்றால் அது கணக்கில் வராது, ஒன்றின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆகவே கூட்டி வகுத்த அடக்கவிலை இங்கே செல்லாது. நாம் போட்ட திரைக்கான செலவையும் இந்த வித்தியாசத்தில் கழிப்பதில்லை. அதனால் கொள்முதல் விலைக்கு ஒரு கட்டம், பழுதுச் செலவுக்கு வேறு கட்டம். பிரித்துப் பாகமாக விற்பதை இந்த முறையில் சேர்க்க வேண்டாம், பொருளின் தன்மையே மாறிவிடுகிறது என்று எங்கள் கணக்கர் சொல்லிவிட்டார். அதைத் தனியாக வைத்திருக்கிறோம்.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் குறைவில்லை. ஒரு கைபேசியை வாங்கிப் பதிய முன்பு இரண்டு நிமிடம், இப்போது இருபது. விற்க வருபவர்கள் சிலர் பொறுமை இழந்து எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் கடை அடைக்கும்போது தரவைப் பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

ஜூன் 12ஆம் தேதி மாலை அந்த நாட்டுப்படகு அண்ணன் இரவல் கருவியைத் திருப்பித் தர வந்தார். உட்காரச் சொல்லி, விற்பனைத் தட்டில் இருந்த இரண்டு ஜி.பி.எஸ்.களை அவர் முன் வைத்தோம். மருமகன் பையின் சீட்டைக் கைபேசியால் படித்து, ஒவ்வொன்றின் பதிவையும் வாய்விட்டு வாசித்தான். யார் என்று பெயர் சொல்லாமல், எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை நாள் மாடியில் இருந்தது, கம்பி அசைத்தபோது என்ன ஆனது, எல்லாம். இரண்டாவது கருவி 900 ரூபாய் குறைவு. ஏன் என்று கேட்டார். "உப்பு: சந்தேகம். கழுவியது. 15 நாள் கழித்துத் திறந்து பார்த்தது, சுத்தம்" என்று படித்தான். அவர் சற்று யோசித்து, விலை கூடியதையே எடுத்தார். பதிவை அச்சடித்துத் தரச் சொல்லி, படகுக் காகிதங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துச் செருகிக்கொண்டார்.

அவர் போனபிறகு 0001ஐப் பிரித்தோம். ஆன்டெனா முனை இருந்த போர்டை வெட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டேன், வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது. திரையைத் துடைத்து, வேறொரு கருவியில் மாட்டிப் பார்த்து, புதுப் பையில் இட்டு, மருமகன் சீட்டு அடித்தான்: "0001-1. திரை. சோதித்தது. உப்பு: இல்லை."